ஒரு நாள் தள்ளிப்போட முடிகிற வேலை

துணைவேலை தேடுகிறவர் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு வரும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளை பெற்றவர் அதை இரண்டாவதாகக் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு: இன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால், இந்த வேலையை நாளைக்குத் தள்ளிவைக்க முடியுமா? முடியும் என்றால், கூலி கொஞ்சம் குறைந்தாலும் அந்த வேலை நிலைக்கும். முடியாது என்றால், எவ்வளவு வந்தாலும் சில மாதங்களில் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

திருவனந்தபுரத்தில் மாலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. நகர எல்லைக்குள் இருக்கும் மாநில அரசு அலுவலகங்களுக்கு வேலை நேரம் காலை 10.15 முதல் மாலை 5.15 வரை. தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு கரமனையிலோ வலியசாலையிலோ குடியிருப்பவர் ஆறு மணிக்கு வீட்டில் காபி குடிக்கலாம். கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் வேலை செய்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அமெரிக்கா விழிக்கும் நேரம்தான் அவருக்கு மீட்டிங் நேரம். இவர்கள் தவிர, நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று ரயிலில் தினமும் வந்துபோகிறவர்கள் ஒரு பெருங்கூட்டம். அவர்களுடைய மாலையில் பாதியை ரயிலே எடுத்துக்கொள்கிறது. மூன்று பேருக்கும் ஒரே யோசனை சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

மிச்சம் இருக்கும் மணி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரமனையில் வீடு, கழக்கூட்டத்தில் வேலை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. அம்மாதான் துணைவேலை செய்ய நினைக்கிறார் என்று வையுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஸ்ரீகாரியம், உள்ளூர், பட்டம் நெரிசலைத் தாண்டி வீட்டுக்கு வர 7.15. சாப்பாடு, வீட்டுப்பாடம், மறுநாள் பை அடுக்குவது எல்லாம் முடிய ஒன்பது. பள்ளி வேன் காலை 7.30க்கு வாசலில் நிற்கும், அதனால் பிள்ளை 6.15க்கு எழ வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் பரிந்துரைத்தது. ஒன்பதுக்குப் படுத்தால்தான் அதன் கீழ்வரம்பையாவது தொடலாம். ஆக, ஒன்பது மணி அசையாது. அதை அரை மணி நகர்த்தி அந்த நேரத்தில் வேலை பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

அம்மா காலையில் 5.15க்கு எழுந்தால்தான் டிபன் பாக்ஸ் கட்ட முடியும். அவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டுமென்றால் 10.15க்குப் படுக்க வேண்டும். ஒன்பதுக்கும் 10.15க்கும் நடுவில் பாத்திரம் கழுவ, சீருடை தேய்க்கக் கால் மணி போகும். மிச்சம் ஒரு மணி நேரம். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மணி, சனிக்கிழமை ஒரு மூன்று மணி. வெள்ளிக்கிழமை ராத்திரி உடம்பு சொல்பேச்சுக் கேட்காது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாரத்துக்கு ஏழு மணி நேரம். அவ்வளவுதான் அவருடைய கையிருப்பு.

ஏழு மணி நேரமா, இதில் என்ன சம்பாதிக்க முடியும் என்று தோன்றும். தோன்றட்டும். இருக்கிற ஏழு மணியைப் பதினைந்து என்று நினைத்து வேலை ஒப்புக்கொள்வதில்தான் பெரும்பாலான வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்றது அது. அலுவலகம் 45, துணைவேலை 7 என்றால் 52. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் ஒட்டி நிற்கிறீர்கள். பயணமும் சமையலும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

கூலிக் கணக்கையும் இப்படித்தான் உரித்துப் பார்க்க வேண்டும். மாணவர் வீட்டுக்குப் போய் மாதம் 12 வகுப்பு எடுத்தால் 6,000 ரூபாய் என்று பேசியிருக்கிறீர்கள். மணிக்கு 500 ரூபாய், நல்ல வரும்படி போலத் தெரிகிறது. போய்வர நாற்பது நிமிடம், பாடம் தயாரிக்க இருபது நிமிடம் சேர்த்தால் ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம், மாதத்துக்கு 24 மணி. பெட்ரோலுக்கு 500 போனால் கையில் 5,500, மணிக்கு 229 ரூபாய். அந்தப் பன்னிரண்டு ராத்திரியும் சமைக்க நேரமில்லாமல் பரோட்டாவும் கறியும் பார்சல் வாங்கினால், 150 வீதம் இன்னும் 1,800 போகும். இப்போது மணிக்கு 154 ரூபாய். இதே பாடத்தை உங்கள் வீட்டுக்கு வரும் மூன்று பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் எடுத்தால்கூட இதைவிட மிஞ்சும். உங்கள் பிள்ளையும் கண்ணெதிரே இருக்கும்.

எந்த வேலை தாங்கும்

இந்த ஊரில் டியூஷன்தான் முதல் துணைவேலை. நம் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. சாலைப் பகுதியில் அரசு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. ஒரு நாள் தள்ளிப்போடுவது இதில் எளிது, முன்கூட்டியே பேசிவைத்திருந்தால். சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: மாதம் இரண்டு வகுப்பு நாள் மாறலாம், அதே வாரத்துக்குள் ஈடு செய்துவிடுவேன் என்று. அப்புறம், "அக்கா, பாப்பாவுக்குச் சுகமில்லை, இன்னைக்குள்ள கிளாசை சனிக்கிழமை வச்சுக்கிடலாமா?" என்று ஒரு போன் போதும். சொல்லிவைக்காமல் மூன்றாவது முறை இதே போனைப் போட்டால் அந்த அக்கா வேறு டீச்சரைத் தேடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஓணத் தேர்வு, கிறிஸ்துமஸ் தேர்வு, ஆண்டுத் தேர்வு என்று கேரளப் பள்ளிகளுக்கு மூன்று நெருக்கடிக் காலம். உங்கள் பிள்ளைக்கும் தேர்வு அதே வாரத்தில்தான் வரும் என்பதை மறந்து புது மாணவரைச் சேர்த்துவிடாதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணைய வழியாகப் பாடம் எடுப்பது அடுத்தது. இதன் நேரக்கணக்கு நமக்குச் சாதகம். நம்மூர் இரவு 9.30 என்றால் துபாயில் எட்டு, ரியாத்திலும் தோஹாவிலும் ஏழு. உங்கள் பிள்ளை தூங்கிய பிறகு அங்கே ஒரு பிள்ளை புத்தகத்தோடு உட்காரும். வார விடுமுறையை மட்டும் கவனியுங்கள். சவூதி, கத்தார், குவைத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளி நாள். அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆகவே இரண்டு நாட்டு மாணவர்களை ஒரே வாரத்தில் கோத்தால் உங்களுக்கு விடுமுறை நாளே இல்லாமல் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே கோடை விடுமுறை. அந்த இரண்டு மாதம் வருமானம் ஒடுங்கும். அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம். மதியம் கறுத்து மாலையில் இடி இறங்கும். பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மின்னலுக்குக் கவனமாக இருக்கச் சொல்லி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை விடும். கரண்டும் நெட்டும் போகும், ரவுட்டரின் பிளக்கையும் பிடுங்கிவைக்க வேண்டும். அந்த இரண்டு மாத வகுப்புகளைச் சனிக்கிழமை காலைக்கு மாற்ற முடியுமா என்று செப்டம்பரிலேயே பேசிவிடுவது நல்லது.

கேக், பலகாரம், மாவு. இவற்றைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தோசை மாவு தினமும் அரைத்தாக வேண்டும். வாடிக்கை வீடு ஒரு நாள் பொறுக்கும், இரண்டாம் நாள் கடையில் பாக்கெட் வாங்கிவிடும். பிறந்தநாள் கேக்கோ எந்தக் காரணத்துக்காகவும் நாளைக்குத் தள்ளிப்போட முடியாதது. யாரோ ஒரு பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு காத்திருக்கும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்து, நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் ஓவனைப் பார்த்துக்கொள்வார் என்றால் எடுங்கள். தனியாள் என்றால் வேண்டாம். செய்வதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டுச் சமையலறைக்கும் வேண்டும். மின்சாரம் அதிகம் செலவாகும் வீடுகளில் மாலை 6 முதல் 10 வரை யூனிட் விலை கூடுதல். மின்சார ஓவனைச் சனிக்கிழமை பகலில் ஓட்டுங்கள்.

தையல் பரவாயில்லை. துணி கெட்டுப்போகாது, ஒரு நாள் பொறுக்கும். ஜூன் மாதச் சீருடையையும் ஓணத்துக்கு முந்தைய ரவிக்கைகளையும் மட்டும் எண்ணி வாங்குங்கள்.

உணவு டெலிவரி பார்க்கச் சுதந்திரமான வேலை. ஆப்பைத் திறக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஆர்டரும் ஊக்கத்தொகையும் குவிவது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், அதாவது உங்கள் பிள்ளை சாப்பிடும் அதே நேரத்தில். வார நாளில் அதை விட்டுவிட்டு ஞாயிறு மதியம் மட்டும் ஓட்டுகிறவருக்குச் சரிப்படும். மழை ராத்திரியில் வண்டி ஓட்டுவதன் விலையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பட்டத்தில் பி.எஸ்.சி. தலைமையகம் இருக்கிற ஊர் இது, போட்டித் தேர்வுப் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பை ஒரு போனில் தள்ளிவைக்க முடியாது. மாதிரி வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற பின்வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்–மலையாள மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்ப்பது, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது எல்லாம் இந்த வகைதான். "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்கிற வேலை, "எட்டு மணிக்கு வேண்டும்" என்கிற வேலையைவிடப் பெற்றோருக்கு உகந்தது. நாகர்கோவில் ரயிலில் போகிறவருக்கு உட்கார இடம் கிடைத்தால் மெய்ப்பு அங்கேயே முடியும்.

இந்த ஊர்த் தமிழ் எழுத்தாளர்கள் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். அந்த உத்தியோகத்தோடுதான் 'தலைமுறைகள்', 'பள்ளிகொண்டபுரம்' எல்லாம் எழுதினார். 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவையே கதையாக்கினார். 2015இல் அவருக்கும் அதே விருது. எழுத்து ஒரு நாள் காத்திருக்கும், அதுதான் அதன் சௌகரியம். ஆனால் அந்தத் தலைமுறை எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் பொதுவாக ராத்திரிச் சோற்றை யார் வடித்தார்கள் என்றொரு வரி இருப்பதில்லை. அந்த வரியை உங்கள் வீட்டில் நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அனுமதி

பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில் சொல்கிறது. ஊரெல்லாம் நடக்கிறதே என்று கேட்பீர்கள். நடக்கிறது, புகார் வரும் நாளில் அந்த ஊரெல்லாம் உங்கள் பக்கம் நிற்காது.

மாநில அரசு ஊழியர்களுக்கு 1960ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகள். முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ கூடாது. தும்பாவில் விண்வெளி மையத்தில் இருப்பவர்களைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு, அலுவலக வேலை கெடாதவரை, அதில் முன் அனுமதி கேட்கத் தேவையில்லை. வியாபாரத்தை மனைவி பெயரில் நடத்தினால் ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்தால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்த வியாபாரத்துக்கு ஊழியர் ஆள் பிடிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. மனைவி செய்த கேக்கின் படத்தை அலுவலக வாட்ஸாப் குழுவில் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

தனியார் நிறுவனங்களில் சட்டத்தைவிட ஒப்பந்தம்தான் பேசும். 2022இல் இது நாடு முழுக்க விவாதமானது. விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அந்தச் செப்டம்பரில் சொன்னார். அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், முன் அனுமதி பெற்று, போட்டியில்லாத வேலைகளைச் செய்யலாம் என்று ஊழியர்களுக்கு எழுதியது. நீங்கள் செய்ய வேண்டியது: பணி நியமனக் கடிதத்தை எடுத்து, பிற வேலை பற்றிய பத்தியைப் படியுங்கள். தடை இருந்தால் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, அலுவலகக் கணினி பயன்படாது, போட்டி நிறுவனம் அல்ல, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். வாய்ச்சொல் அனுமதி மேலாளர் மாறும் வரைதான். இரண்டாவது இடத்திலும் உங்களைச் சம்பள ஊழியராகச் சேர்த்து வருங்கால வைப்பு நிதி பிடித்தால் அது அதே யுஏஎன் எண்ணில் பதிவாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கணவர் துணைவேலைக்குப் போனால் அந்த 97உம் குறையும், மனைவி போனால் 299 அப்படியே நிற்கும் என்பதுதான் நடைமுறை. அதனால் துணைவேலை தொடங்கும் முன், செய்யப்போகிறவர் அல்ல, மற்றவர் என்ன எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பதைப் பேசுங்கள். "உதவி பண்றேன்" என்ற பேச்சு வேண்டாம். ராத்திரிப் பாத்திரம் யாருடையது, வீட்டுப்பாடம் யாருடையது, காய்ச்சல் என்றால் லீவு யார் போடுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு இந்தப் பேச்சு அம்மாவோடோ, அக்காவோடோ, பக்கத்து வீட்டோடோ நடக்க வேண்டும். டே கேர் எத்தனை மணிக்கு மூடுகிறது, தாமதமானால் யார் கூட்டிவருவது என்பதையும் சேர்த்து.

பிள்ளையிடமும் சொல்லுங்கள். "அம்மாவுக்கு ஒன்பதரைக்கு கிளாஸ் இருக்கு, அதுவரைக்கும் நான் உன்கூடத்தான்" என்றால் ஏழு வயதுக்கு நன்றாகவே புரியும். அந்த ஒன்பதரை வரைக்கும் போனைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். எடுத்தால் சொன்ன சொல் போயிற்று. பதின்வயதுப் பிள்ளைக்கு வேறு மாதிரி: அவர்கள் பேச வருவதே ராத்திரி பத்து மணிக்குத்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் இரவு வேலையைவிட விடிகாலை வேலை நல்லது.

வந்த பணம்

துணைவேலைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சம்பளம் மட்டும் உள்ளவர் போடும் ஐடிஆர்-1இல் தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது. ஐடிஆர்-3 அல்லது 4 போட வேண்டியிருக்கும். பிடித்தம் போக ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்வரி கட்ட வேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு விஷயம் தெரிந்திருந்தால், சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடலாம். மார்ச் மாதம் நிம்மதியாகக் கழியும்.

இந்த ஊரில் கூடுதல் பணம் வந்தால் கை தானாகச் சிட்டியை, அதாவது ஏலச் சீட்டை, நோக்கிப் போகும். சிட்டி நடத்தும், 1969இல் தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ. அரசு நிறுவனம், பணத்துக்குப் பயமில்லை. பயம் வேறு. நாற்பது மாதச் சிட்டி, ஐம்பது மாதச் சிட்டி என்று சேர்ந்து, நடுவில் ஏலத்தில் பிடித்து வீட்டுக்கு மாடி போட்டுவிட்டால், மீதித் தவணை முடியும் வரை துணைவேலையை விட முடியாது. தள்ளிப்போடக்கூடிய வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதைத் தள்ளிப்போட முடியாததாக நாமே ஆக்கிக்கொள்கிறோம். சிட்டி போடுவதானால் தவணை சம்பளத்துக்குள் அடங்கட்டும். மாலைப் பணம் பள்ளிச் சுற்றுலா, பல் டாக்டர், வண்டியின் புது டயர் போன்றவற்றுக்குப் போகட்டும். ஒரு மாதம் வராவிட்டாலும் வீடு ஆடாது.

நிறுத்தும்போது

வருடத்துக்கு இரண்டு முறை, ஓண விடுமுறையிலும் மார்ச் தேர்வுக்கு முன்பும், தொடர்வதா என்று முடிவெடுங்கள். பார்க்க வேண்டியவை சில. வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் பதினொன்று தாண்டிப் படுக்கிறீர்களா? அலுவலகத்தில் தவறு கூடுகிறதா? பிள்ளையின் டைரியில் கையெழுத்துப் போடாத பக்கங்கள் இருக்கின்றனவா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் பாதியாகக் குறையுங்கள். குறைக்க முடியாத வேலை என்றால் விடுங்கள்.

விடுவதற்கும் பருவம் உண்டு. டியூஷனை ஆண்டுத் தேர்வுக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குப் புதிய ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; நம் மாநிலப் பள்ளிகளுக்கு ஜூனில். பிப்ரவரி முடிவதற்குள் பெற்றோரிடம் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் ஆள் தேட நேரம் கிடைக்கும். வாங்கிய முன்பணத்தில் மிச்சம் இருந்தால் கேட்கும் முன் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பாடம் வரை முடிந்தது, பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதி அடுத்த டீச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் உங்கள் பிள்ளை கொஞ்சம் வளர்ந்தபின் திரும்ப நீங்கள் மாணவர் தேடும்போது, அந்த அம்மாக்கள்தான் நாலு பேரிடம் உங்கள் பெயரைச் சொல்வார்கள்.